வெறும் பீப்பாய்களை ஏற்றிய மரக்கலம்

தோழி,

பக்கத்து வீட்டில் பெட்டி கட்டுகிறார்கள். துபாய் கராமாவின் இந்தப் பழைய கட்டடத்தில் சுவர்கள் மெல்லியவை. ஒட்டுநாடாவைச் சரக்கென்று இழுக்கும் ஓசையும், அட்டைப் பெட்டியை முழங்காலால் அழுத்திக் கயிறு இறுக்குபவரின் மூச்சும் என் மேசைவரை வந்துசேர்கின்றன. "இன்னும் ரெண்டு டின்னு கொள்ளும்டா, அந்தத் துண்ட உருவிட்டுத் திணி" என்கிறார் ஒருவர். "வெயிட்டு ஏறிச்சுன்னா ஏர்போர்ட்டுல உன் தலையிலதான் ஏத்துவேன்" என்று சிரிக்கிறார் மற்றவர்.

பால்மாவு, ஆரஞ்சுத் தூள், சாக்லேட்டு, முகத்தூள், சோப்புக் கட்டிகள். மேலே கொட்டை எழுத்தில் ஊர்ப்பெயர். இந்த வளைகுடாவில் வாழும் நம்மவர்க்குப் பெட்டி என்பது பண்டம் அடைக்கும் அட்டையா? இரண்டாண்டாகப் பிள்ளையின் முகம் காணாத தந்தை தன் நெஞ்சை மடித்து வைத்துக் கயிறு கட்டுவது அதற்குள்தான். அதை இகழ எவருக்கும் துணிவு வராது. உங்களுக்கு வந்தது. நூற்றுக்கணக்கானோர் பெட்டி கட்டக் கூடியிருந்த அவையில், "பெட்டி வேண்டாம்" என்று முதலில் சொன்னவர் நீங்கள்.

நீங்கள் மறைந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. மன்றம் கூட்டிய இரங்கல் அவையில் என் பெயரை அழைத்தார்கள், நான் மேடையேறவில்லை. நாற்பதாண்டாக ஒலிவாங்கியின்முன் நின்று பழகியவன், அன்று நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தேன். என் உரைகளை நீங்கள் என்றுமே பாதிக்குமேல் நம்பியதில்லை. "அண்ணாச்சி, மேடையில 'பேருந்து'ம்பீங்க, கீழ எறங்குனதும் 'பஸ்ஸு வந்துட்டா'ம்பீங்க" என்று முகத்துக்கு நேரே சிரித்தவர் நீங்கள். உங்களைப் பற்றி மேடையில் முழங்கினால், எங்கோ அமர்ந்து அதே சிரிப்பைச் சிரிப்பீர்கள் என்று தோன்றியது. எனவே எழுதுகிறேன்.

முதன்முதல் நீங்கள் என்னிடம் பேசியதும் ஓர் உரைக்குப் பின்னரே. புதிய நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. துபாய் முழுதும் பாரந்தூக்கிகள் நின்ற காலம். நம் தமிழ் மன்றத் தலைவர், தஞ்சைப் பக்கத்துக்காரர், தான்சானியாவின் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் குழந்தைகளுக்குப் "பெட்டி கட்டும் விழா" எடுப்பதாக அறிவித்திருந்தார். அவ்வூரின் சிறு மருத்துவமனையில் இரண்டாண்டு பணியாற்றிவிட்டு, துபாய் மருத்துவமனை ஒன்றுக்கு உணவியலராக வந்திருந்த நாகர்கோவில் பெண் ஒருவர் கொடுத்த ஒளிப்படங்கள் அரங்கின் சுவரெங்கும் மாட்டப்பட்டிருந்தன. பசியைப் பற்றி நான் பேசினேன். "பசி ஒரு தீ, அத்தீயின்முன் எல்லை ஏது, நிறம் ஏது, மொழி ஏது" என்று தொடங்கி அரை மணி நேரம் பொழிந்தேன். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். தலைவரால் கைத்தட்டலை நிறுத்தவே முடியவில்லை.

நான் தேநீர்க் கோப்பையோடு ஒதுங்கியபோது, அந்தப் படங்களைக் கொடுத்த நீங்கள் வந்தீர்கள்.

"நல்லாப் பேசுனீங்க அண்ணாச்சி. எனக்கே கண்ணு கலங்கிட்டு. ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. அந்தப் பிள்ளையள் பசியில கெடக்கல."

"பசியில் இல்லையா? பிறகு?"

"வயிறு நெறையத்தான் திங்கு. காலம்பற சோளக் கூழு, மத்தியானம் சோளக் களி, ராவுக்கும் சோளக் களி. அதுதான் சீக்கே."

வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டிக் கெட்டியாக்கும் அந்தக் களிக்கு அங்கே உகாலி என்று பெயர் என்றீர்கள். பிறகு கைப்பையிலிருந்து இரண்டு ஒளிப்படங்களை எடுத்து என் கோப்பையின் அருகே வைத்தீர்கள். ஒன்றில் விலா எலும்பு தெரியும் மெலிந்த சிறுவன். மற்றொன்றில் கன்னம் புடைத்த, உருண்டை முகச் சிறுமி.

"இதுல எந்தப் பிள்ளைக்கு நோவு கூடுதல்? சொல்லுங்க பாப்போம்."

எவரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன், சிறுவனைச் சுட்டினேன்.

"அவன் மரத்துல ஏறி மாங்கா பறிச்சு எனக்கே தருவான். இவதான் எழும்பமாட்டா. பேரு நீமா. கன்னத்த வெரலால அமுக்குனா குழி அப்படியே நிக்கும். அது சதை இல்ல அண்ணாச்சி, நீரு. முடியப் பாருங்க, செம்பட்டை. நான் அங்க இருந்த காலத்துல அவ சிரிச்சு ஒருநாளும் பாக்கல. அழவும் மாட்டா. ஒரு எடத்துல இருத்துனா இருத்துன எடந்தான்."

"இவள் படம் சுவரில் இல்லையே?"

"தலைவரு எடுத்துட்டாரு. கொழுகொழுன்னு இருக்கா, சனத்துக்கு இரக்கம் வராதுன்னாரு."

தோழி, என் வாழ்நாளில் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ எதிர்வாதங்களைச் சந்தித்திருக்கிறேன். இரண்டே படங்களைக் கோப்பையருகில் வைத்து எவரும் என்னை நிறுத்தியதில்லை. "தாய் பார்த்துக்கொண்டா இருந்தாள்?" என்று கேட்டேன். அங்கேதான் உங்கள் குரல் மாறியது. "தாய் என்ன செய்வா? அவளும் பிள்ளை பூரிச்சிருக்குன்னுதான் நெனச்சா. அவ கொல்லையில கடலை உண்டு, பயறு உண்டு, கோழி முட்டை போடும். எல்லாத்தையும் அறுப்பு முடிஞ்ச கையோட வித்துருவா. மூத்தவனுக்குப் பள்ளிக்கூடத்து உடுப்பு வேணும், கூரைக்குத் தகரம் வேணும். மிச்சம் நிக்கது சோளம் மட்டும். பிறவு மழை தொடங்கி அடுத்த அறுப்பு வரைக்கும் உள்ள மாசங்கள்ல பிள்ளைக்கு வெறுங்களிதான். அவ அறியாதவ இல்ல. இல்லாதவ."

மேடைப் பேச்சில் பசிக்கு இடமுண்டு. புடைத்த கன்னத்துக்கு இடமில்லை. வெறும் வயிறு கண்ணுக்குத் தெரியும். நிறைந்த வயிற்றோடு, தசை வளராமல், குருதி ஊறாமல், மூளை மலராமல் ஒரு குழந்தை கரைவது எவர் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் கரைதலைத் தடுக்க ஒரு பிடி வறுத்த கடலைப்பொடி, ஒரு கரண்டி அவித்த பயறு, ஏரி வணிகர்கள் அவ்வூர்ச் சந்தைக்குக் கொணரும் விரல்நீளக் கருவாடு, முருங்கை போன்றதோர் இலை போதும் என்று நீங்கள் விரல்விட்டுச் சொன்னீர்கள். அனைத்தும் அவ்வூரிலேயே உண்டு. குழந்தையின் தட்டுக்கு மட்டும் அவை வருவதில்லை. அறுவடை முடிந்ததும் அவை விலையாகிவிடுமுன் ஒரு பங்கை அந்தத் தாய்மாரிடமே வாங்கி, அவ்வூரிலேயே பூட்டி வைத்து, மழைமாதங்களில் குழந்தைகளின் கூழில் கலக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். கடலை பிடுங்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தவறவிட்டால், நீமாவும் அவளைப் போன்றவர்களும் இன்னொரு மழைக்காலத்தை வெறுங்களியோடு கடக்க வேண்டும். கடப்பார்களா என்பதே ஐயம்.

இதைத் தலைவரிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டியது நினைவிருக்கிறதா? நல்ல மனிதர். கேடென்று ஒன்றும் நினைத்தவரல்லர். அரங்கின் ஒரு மூலை முழுதும் அதற்குள் அட்டைப் பெட்டிகளால் நிறைந்துவிட்டது. "என்னம்மா நீங்க, சனங்க ஆசையா கொண்டாந்து குமிச்சிருக்காங்க. இப்பப் போயி வேணாம்னா எப்படி? என் பொண்ணுக்கு நான் வருசா வருசம் கட்டுற பெட்டி மாதிரியே கட்டியிருக்கேன், தெரியுமா?" என்றார். அவர் பேச்சில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. தன் மகளுக்குச் செய்வதையே அந்தக் குழந்தைகளுக்கும் செய்ய முனைந்தவரிடம், அது தவறென்று எப்படிச் சொல்வது?

"பாலுமாவ அழுக்குத் தண்ணியில கலக்குனா வயித்தால போகும் சார். டின்னு தீரப்போறப்ப ஒரு கரண்டி போடவேண்டிய எடத்துல அரைக்கரண்டி போடுவாங்க. தீந்தப்பொறவு?" என்றீர்கள்.

"இன்னொரு பெட்டி அனுப்புவோம்."

"எத்தன வருசத்துக்கு?"

பொதுக்குழுவைக் கூட்டுகிறேன், அவை முடிவு செய்யட்டும் என்று அவர் எழுந்துவிட்டார். நாம் இருவரும் படியிறங்குகையில், "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை நீங்கதான் பேசணும். ஆனா அரை மணி நேரம் ஆகாது, அதுக்குள்ள கடலையே முளைச்சிரும்" என்றீர்கள். சுருக்கமாகப் பேசுவதற்கு ஆயத்தமாகும் பெருந்துன்பத்தை அந்த வாரம்தான் நான் அறிந்தேன்.

அந்த வெள்ளிப் பிற்பகலை என்னால் மறக்க இயலாது. தொழுகை முடிந்து வந்தவர்கள், வேலைமுகாம்களிலிருந்து பேருந்தில் வந்தவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் என அரங்கம் நிறைந்திருந்தது. பெட்டிகளின் புது அட்டை வாடை எங்கும். நான் எழுந்து தொடங்கினேன்: "வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு. அந்த ஊரின் குழந்தைகளுக்கு நாம் இரக்கத்தை அனுப்பப் போகிறோமா, ஊட்டத்தை அனுப்பப் போகிறோமா?" கைத்தட்டல் எழுந்தது. கைத்தட்டியவர்களில் ஒருவரும் பெட்டியை விட்டுக்கொடுக்க ஆயத்தமாயில்லை என்பது அடுத்த நொடியே விளங்கியது.

"ஒரு சாக்லேட்டு குடுத்தா பாவமா? அதுவும் புள்ளைங்கதானே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கருவாடு அனுப்புறதாவுல சொல்றாங்க! கேட்டா ஊரு சிரிக்கும். துபாயில இருந்து கருவாடா?" என்று இன்னொரு குரல். அரங்கமே சிரித்தது.

"ஆசுபத்திரி கிச்சன்ல உக்காந்துக்கிட்டு அளவு சொல்லலாம். கொடுக்குற கைக்கு அளவு ஏதும்மா?" என்றார் ஓர் அம்மையார்.

நான் மறுமொழிக்கு மூச்சை இழுத்தேன். அதற்குள் நீங்கள் முன்வரிசையிலிருந்து எழுந்து, மேடையேறாமலே, முகாம்காரர்கள் அமர்ந்திருந்த பக்கம் திரும்பிக் கேட்டீர்கள்:

"இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

என்ன கேள்வி இது என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "குப்பூஸு" என்றார் ஒருவர். நம் எல்லார்க்கும் பழக்கமான, அரபுக் கடையின் தட்டை ரொட்டி.

"எதோட?"

"பருப்போட."

"நீங்க?"

"சோறு. மத்தி மீன் கொழம்போட."

"அங்க?"

"குப்பூஸுதாம்மா. ரூம்ல நேத்து வச்ச கோழிக் கொழம்போட."

"வெறும் குப்பூஸு தின்னவுக ஆராவது உண்டா?"

சிரிப்பு. "வெறும் குப்பூஸ எவன்மா திம்பான்?" என்றது ஒரு குரல். அப்போது சாரம் கட்டும் தொழிலாளி செல்வராசு, புதுக்கோட்டைக்காரர், கையை உயர்த்தினார். "நாங்க தின்னுருக்கோம்" என்றார். "முன்னால இருந்த கம்பெனி மூடுனப்ப கேம்புல ஒண்ணுமில்ல. குப்பூஸும் பாலில்லாத கட்டஞ்சாயாவும்தான் ரொம்ப நாளு."

"வயிறு நெறைஞ்சுதா?"

"நெறைஞ்சுச்சு. ஒரு குப்பூஸு போதாட்டி ரெண்டு. வயித்துக்குக் கொறையில்ல." முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஆனா படியில ஏறுனா காலு நடுங்கும். தலையில இருந்து முடி கையோட வரும். பக்கத்துல ஒருத்தன் சோக்கு அடிச்சாக்கூட சிரிக்கத் தோணாதும்மா."

தலைவர் மாட்ட மறுத்த அந்த ஒளிப்படத்தை எடுத்து செல்வராசுவின் கையில் கொடுத்தீர்கள். அவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். வரிசை வரிசையாக நீமாவின் முகம் கைமாறிச் சென்றது. அது தலைவரிடம் வந்தபோது அவர் நெடுநேரம் பார்த்தார். "கலாஸ், முடிஞ்சுது" என்றார் மெல்ல. "பெட்டிகளைப் பிரிச்சு அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க. அதுக்காகும் காச இந்தம்மா கிட்டக் குடுங்க."

பெட்டியை எடுத்துச் செல்லும்போது சிலர் முணுமுணுத்தார்கள். ஓரிருவர் அதன்பின் மன்றத்துக்கே வரவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. அன்பை மறுத்ததாக அவர்கள் எண்ணினார்கள், இன்றும் எண்ணுகிறார்கள்.

ஆனால் உங்கள் சிக்கல் முடியவில்லை. கடலையை வாங்கி எதில் வைப்பது? சாக்கில் வைத்தால் எலி தின்னும். மழையின் ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த கடலை குழந்தைகளுக்கு நஞ்சு என்றீர்கள். தேராவில், கடல்நீர் நகருக்குள் புகும் கழியின் கரையோரம் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரைப் பாய்தான் அதற்கு வழி சொன்னார். அவர் சரக்கு மாதம் ஒருமுறை மரக்கலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும்.

"யம்மா, என் குடோனுக்குப் பின்னாடி வந்து பாருங்க. ஊறுகா வந்த நீல டிரம்மு, ஆலிவு வந்த டிரம்மு, மலை மாதிரி கெடக்குது. மூடி போட்டு வளையத்த இறுக்குனா காத்து போகாது, எலிக்கு பல்லு போகும். எடுத்துக்கங்க. மரக்கலத்துல எடமும் நான் தாறேன். பருவக் காத்து மாறதுக்குள்ள ஏத்திடணும், அம்புட்டுத்தான்."

"எவ்வளவு தரணும் பாய்?"

"ஊறுகா வாடைய நீங்களே கழுவிக்கங்க. அதான் கூலி."

அப்படித்தான், தோழி, அடுத்த வெள்ளியன்று செல்வராசு தங்கியிருந்த முகாமின் பின்புறத்தில், வெயில் சுட்ட மணலில், மன்றத்தார் வரிசையாக அமர்ந்து பீப்பாய் கழுவினோம். மாங்காய் ஊறுகாயின் வாடை எதற்கும் அடங்காதது என்று அன்று அறிந்தேன். சோப்பு, எலுமிச்சை, சாம்பல், மீண்டும் சோப்பு. "யல்லா, யல்லா, ஜல்தி பண்ணுங்க, மரக்கலம் போயிரும்" என்று செல்வராசு விரட்டினார். "அண்ணாச்சி, வாயால கழுவாதீங்க, கையால கழுவுங்க" என்று நீங்கள் என்னை விரட்டினீர்கள். தலைவர் வண்ணத் தூரிகையோடு வந்து ஒவ்வொரு பீப்பாயிலும் அழகான தமிழ் எழுத்தில் "குழந்தைகளுக்கு மட்டும்" என்று எழுதினார்.

"அங்க எவருக்கு சார் தமிழு தெரியும்?" என்று கேட்டீர்கள்.

"தெரியாட்டா என்னம்மா? அனுப்புறவனுக்குத் தெரியணும்ல."

மரக்கலம் புறப்பட்ட நாளில் கழிக்கரையில் நின்று பார்த்தோம். மற்றவர்கள் அனுப்பிய துணிமூட்டைகளுக்கும் சட்டிபானைகளுக்கும் நடுவில் நம் நீலப் பீப்பாய்கள், உள்ளே ஒன்றுமில்லாமல். இன்னொரு சங்கத்தின் செயலாளர் அங்கே நின்று, "என்னய்யா, தமிழ் மன்றம் ஆப்பிரிக்காவுக்குக் காத்து ஏற்றுமதி பண்ணுதா?" என்று கேட்டுச் சிரித்தார். பழைய மேடைப் பழக்கம் என் நாவில் துள்ளியது. "ஆம் ஐயா. நிரப்புவது அவர்கள் நிலம். அந்த நிலத்தின்மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது" என்றேன். நீங்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். என் உரைகளில் நீங்கள் முழுதாக ஒப்பியது, பொன்னாடையும் இல்லாமல் ஒலிவாங்கியும் இல்லாமல், அன்று சொன்ன அந்த இரண்டு வரிகளைத்தான்.

ஊருக்குப் போக வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் அங்கே போனீர்கள். "கல்யாண வீட்டுக்கு வராதவ காட்டுக்குப் போறா" என்று உங்கள் தாயார் தொலைபேசியில் ஏசியதை நீங்களே நடித்துக் காட்டினீர்கள். அங்கே தாய்மார் உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் உண்டு. காய்ந்ததா என்றறிய எந்தக் கருவியும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. காயைக் காதருகில் பிடித்துக் குலுக்குவார்களாம், உள்ளே பருப்பு கலகலத்தால் பீப்பாய்க்குள் போகும். ஒரே ஒரு பீப்பாயில் அந்தக் கலகலப்பைக் கேளாமல் அவசரப்பட்டுவிட்டார்கள். மழைமாதத்தில் திறந்தபோது பூசணம். முழுதையும் குழிதோண்டிப் புதைக்கத் தொலைபேசியில் சொன்னீர்கள். விளைந்ததைப் புதைப்பது அந்தத் தாய்மாருக்கு எத்தகைய நோவு! "அழுதாவ அண்ணாச்சி. நானும்தான். ஆனா ஒரு மணிகூடப் பிள்ளை வாயில போகல" என்றீர்கள்.

மற்றப் பீப்பாய்கள் மழைமாதங்களைக் கடத்தின. கடலையை வறுத்து இடித்துக் கூழில் கலந்தார்கள். சந்தையில் வாங்கிய விரல்நீளக் கருவாட்டைப் பொடித்து, துபாய் அரங்கம் எதைக் கேட்டுச் சிரித்ததோ அந்தக் கருவாட்டைத்தான், பயற்றோடு சேர்த்தார்கள்.

ஒருநாள் பணியகத்தில் இருந்தேன். நீங்கள் அழைத்தீர்கள். துபாய் மருத்துவமனையின் படிக்கட்டில் நின்றிருக்க வேண்டும், குரல் எதிரொலித்தது. அவ்வூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் உங்களோடு பேசியிருக்கிறார்.

"அண்ணாச்சி! நீமா தம்பி தட்ட புடுங்கிட்டா!"

"என்ன?"

"அவ தட்டு காலியாச்சு. தம்பி தட்ட புடுங்கித் தின்னுட்டா. அவன் அடிச்சான். இவ திருப்பி அடிச்சிட்டு ஓடிட்டா. ஓடிட்டா அண்ணாச்சி, ஓடிட்டா!"

தட்டைப் பிடுங்கியதற்காக ஒரு குழந்தையை இவ்வளவு மகிழ்ந்து பாராட்டியவர் எவரும் உலகில் இருந்திருக்க முடியாது. என் மேசையின் எதிரே நின்ற அலுவலர், "பாய், குச் ஹுவா கியா?" என்று இந்தியில் கேட்டார், ஏதும் நேர்ந்துவிட்டதோ என்று. ஒரு பெண் தம்பியை அடித்துவிட்டாள் என்றேன். அவர் விளங்காமல் போனார்.

அதன்பின் ஆண்டுதோறும் அறுவடைக்கு முன் மன்றத்தில் சிறு தொகை சேரும்; ஆண்டுதோறும் உங்கள் விடுப்பு அங்கே கழியும். உரைகள் குறைந்தன. ஓர் ஆண்டு அதற்கென்று ஒரு கூட்டமும் நடக்கவில்லை. வேலை மட்டும் நடந்தது. அதைத்தான் நீங்கள் வெற்றி என்றீர்கள்.

பிறகு உலகச் சந்தை சரிந்து, துபாயில் பாரந்தூக்கிகள் அசையாமல் நின்றன. பாதியில் விட்ட கட்டடங்களின் கம்பிகள் வானத்தை நோக்கித் துருவேறின. செல்வராசு ஊர் திரும்பினார். தலைவர் தூரிகையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தஞ்சைக்கே போய்விட்டார். நீங்கள் சோர்வென்று சொல்லி ஊருக்குப் போனீர்கள். திரும்பி வருவதாகத்தான் சொன்னீர்கள்.

இந்த ஆண்டு மன்றத்தின் புதிய குழு கூடியது. மெலிந்த கூட்டம். "அந்தம்மாவும் போயிட்டாங்க, சனங்களுக்கு வேலையே நிலைக்குமான்னு தெரியல. இந்த ஆப்பிரிக்கா விசயத்த இந்த வருசத்தோட நிறுத்திக்குவோமா?" என்று மென்மையாகத்தான் கேட்டார் புதிய தலைவர். யாரும் பகைவரல்லர். எல்லாரும் களைத்தவர்கள்.

நான் எழுந்தேன். மூன்று வரிதான் பேசினேன், தோழி. நீங்கள் இருந்திருந்தால் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். "நம் வேலை போனாலும் மழை மாதம் நிற்காது. களியும் நிற்காது. களியோடு சேரவேண்டியது நின்றுவிடக் கூடாது."

"சரிங்கய்யா, யாரு போயிப் பாக்குறது?"

"நான்."

பின்வரிசையில் ஓர் இளைஞர் தன் பையிலிருந்து பணத்தை எடுத்துத் தந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர்.

மறுநாள் அவ்வூர்த் தலைமையாசிரியரை அழைத்தேன். உங்கள் மறைவை முதலில் சொன்னேன். அவர் பேசியைக் கீழே வைக்காமலே வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்; பெண்களின் குரல்கள் எழுவதும் அடங்குவதும் கேட்டன. பிறகு, நான் வருகிறேன், அறுவடையை எனக்காக நிறுத்தி வையுங்கள், பணம் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் அதைத் தம் மொழியில் சொல்ல, ஒரு பெண் உரத்து மறுமொழி சொன்னார். நீமாவின் தாய். அங்கே தாயை மூத்த பிள்ளையின் பெயரால் அழைப்பதுதான் வழக்கம்; ஆனால் மூத்தவன் இருக்க, இந்த அம்மையாரை ஊரே 'மாமா நீமா' என்றுதான் அழைக்கிறதாம்; மாமா என்றால் அவர்கள் மொழியில் அம்மா.

தலைமையாசிரியர் மொழிபெயர்த்தார்: "நிறுத்தி வைப்பதற்கு இல்லை என்கிறார். கடலையைப் பிடுங்கியாயிற்று. விற்பதற்கு முன்பே குழந்தைகள் பங்கை ஒதுக்கிக் காயப்போட்டுவிட்டார்கள். உங்கள் பணத்துக்காகக் காத்திருக்கவில்லை."

அவர் தொடர்ந்தார்: "பணம் எங்களுக்கு வேண்டாம் என்கிறார். ஆனால் மேட்டு நிலத்தில் பக்கத்து ஊர் இருக்கிறது. அங்கே பிடுங்கல் பிந்தும். அந்த ஊர்ப் பெண்கள் வந்து எங்கள் பீப்பாய்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் பீப்பாய் இல்லை. அங்கும் முகம் வீங்கிய குழந்தைகள் இருக்கிறார்கள். வருவதானால் அங்கே வாருங்கள்."

வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு ஓர் ஊரை வளர்த்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இரங்கல் அவையில் நான் எத்தனை பேசியிருந்தாலும் இதற்கு ஈடாகியிருக்காது.

பாயிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் புள்ளைக்கு இல்லாத டிரம்மா? எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போங்க" என்றார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சரக்குகளை அடுக்கத் தொடங்கினார். காற்று மாறுவதற்குள் ஏற்ற வேண்டும். விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊரில் மனைவிக்குச் சொன்னேன். சிறிது ஏசிவிட்டு, "அந்தப் பொண்ணு போன எடம்தானே, போயிட்டு வாங்க" என்றாள்.

இந்த வெள்ளியன்று பீப்பாய் கழுவினோம். முன்பு வந்தவர்களில் பாதிப்பேர்கூட இல்லை. எனினும் கழுவி முடித்தோம். தலைவர் விட்டுச்சென்ற தூரிகையை நானே எடுத்தேன். எழுத்து தலைவருடையதைப் போல அழகாக வரவில்லை. எழுதியிருக்கிறேன். நாளை கழிக்கரைக்கு ஏற்றிச் செல்கிறோம். மேட்டு நில ஊரின் குழந்தைகளின் பெயர்கள் எனக்கு இன்னும் தெரியாது. மழை தொடங்குமுன் தெரிந்துகொள்வேன்.